விகுதி தெரியாத சொல்

நஞ்சப்பனிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு யாரும் சும்மா போய்விட முடியாது. வெளியே மழை என்று சொன்னால், எழுந்து வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்தபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பால்காரர் எதிரில் நிற்கும்போதே பாலை முகர்ந்து பார்ப்பார். அவர் வேலை பார்த்த பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் முகத்துக்கு நேரே நஞ்சப்பன் என்பார்கள்; முதுகு திரும்பியதும் 'சந்தேகம்' என்பார்கள். அதுவும் அவருக்குத் தெரியும். பின்னால் ஏதோ பேசுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, ஒருநாள் கதவோரம் நின்று கேட்டு உறுதி செய்துகொண்டிருந்தார்.

கம்பைநல்லூரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் அவர் ஊர். குடும்பத்துக்குக் கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகிற காடு இருந்தது. அதை அண்ணன் பார்த்துக்கொண்டார். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதால் நஞ்சப்பனுக்கு 1962இல் யூனியன் ஆபீஸில் கிளார்க் வேலை கிடைத்தது. யூனியன் பள்ளிக்கூடங்களின் ஆசிரியர்கள் அனுப்பும் விடுப்பு விண்ணப்பங்களைப் படித்துக் குறிப்பெழுதி கமிஷனர் மேசைக்கு அனுப்ப வேண்டும். நாலு வருடம் அதை அவர் ஒழுங்காகத்தான் செய்துவந்தார், ராஜப்பன் வாத்தியார் விவகாரம் வரும்வரை.

சேலம் ஜில்லாவைப் பிரித்துத் தர்மபுரி ஜில்லா உண்டாக்கிய மறு வருடம் அது. மாசி மாதம் ராஜப்பன் வாத்தியார் இருபது நாள் மருத்துவ விடுப்பு கேட்டிருந்தார். டாக்டர் சான்றில் வியாதி என்ற இடத்தில் மூன்றே மூன்று இங்கிலீஷ் எழுத்துகள்: பி.யு.ஓ. நஞ்சப்பனும் குறிப்பெழுதி அனுப்பிவிட்டார். அந்த வாரக் கடைசியில் தீர்த்தமலைத் தேருக்குக் குடும்பத்தோடு போனால், தேர் வடத்தின் முன்வரிசையில், நெற்றி நிறையத் திருநீறும் இடுப்பில் இறுக்கிய துண்டுமாக வியர்க்க வியர்க்க இழுத்துக்கொண்டிருந்தவர் ராஜப்பன் வாத்தியார்.

திங்கட்கிழமை நஞ்சப்பன் நேராகக் கம்பைநல்லூர் தாவூதிடம் போனார். தாவூது அங்கே ஒரு டாக்டரிடம் பதினெட்டு வருடமாகக் கம்பவுண்டர்; டாக்டரின் மருந்துக் கடையும் அவர் பொறுப்பில்தான். நோயாளிகள் டாக்டரிடம் கேட்கப் பயப்படுவதையெல்லாம் வெளியே வந்து இவரிடம்தான் கேட்பார்கள்.

"பாய், பி.யு.ஓ.ன்னா என்ன வியாதி?"

"காய்ச்சலுங்க. எதனால வந்துதுன்னு தெரியாத காய்ச்சல்."

"யாருக்குத் தெரியாது?"

"டாக்டருக்குத்தாங்க."

"டாக்டருக்கே தெரியாதுன்னா, இருவது நாளுல சரியாப் போவும்னு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

தாவூது மருந்து கலக்குகிற கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நஞ்சப்பன் சிரிக்கவில்லை. நாலு வருடமாகத் தன் மேசை வழியே போன நூற்றுக்கணக்கான சான்றுகள் அவர் கண்முன் வரிசையாக வந்தன. ஒன்றில்கூட என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எத்தனை பேர் தன்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்ற நினைப்பில் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் சேலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த மருத்துவ அகராதி ஒன்றை வாங்கினார். நர்ஸ் படிப்புக்காக யாரோ வைத்திருந்த புத்தகம். ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருந்தன. வாங்குமுன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, நடுவில் தாள் ஏதும் காணாமல் போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

முதல் ஒரு மாதம் ஒன்றும் பிடிபடவில்லை. சொற்கள் ஒவ்வொன்றும் ரயில் வண்டி நீளம் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 'காஸ்ட்ரைட்டிஸ்', 'ஹெபடைட்டிஸ்', 'நெஃப்ரைட்டிஸ்' என்று மூன்று சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோது, மூன்றுக்கும் வால் ஒன்றாக இருப்பதைக் கண்டார். பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணத்தில் பகுபதம் பிரிக்கச் சொன்னால் வகுப்பிலேயே முதலில் கை தூக்குகிறவர் அவர்தான். நடந்தான் என்றால் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, விகுதி என்று ஐந்தாக உடைத்துப் போடுவார். இதுவும் அதே வேலைதானே!

அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டார். இடப்பக்கம் பகுதி, வலப்பக்கம் விகுதி. காஸ்ட்ர் என்றால் வயிறு, ஹெபட் என்றால் ஈரல், நெஃப்ர் என்றால் சிறுநீரகம், டெர்மட் என்றால் தோல். ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. ஆல்ஜியா என்று முடிந்தால் வலி. எக்டமி என்று முடிந்தால் அறுத்து எடுத்துவிட்டார்கள். காஸ்ட்ரோஎண்டரைட்டிஸ் என்ற நீளமான சொல்லைக் காஸ்ட்ர், எண்டர், ஐட்டிஸ் என்று உடைத்தபின் நடுவில் ஒரு 'ஓ' தனியாக மிஞ்சியது. வெகுநேரம் யோசித்து அதன் பக்கத்தில் 'சாரியை' என்று எழுதினார். மனசு குளிர்ந்துபோயிற்று.

இப்படி இரண்டு வருடம் போயிற்று. நோட்டு நிறைந்து இன்னொரு நோட்டு வந்தது. தெரியாத சொல் வந்தால் தாவூதிடம் கேட்பார். தாவூது சொன்னதை அகராதியில் சரிபார்ப்பார். அகராதி சொன்னதை மறுபடி தாவூதிடம் கேட்பார். இதற்கிடையில் சொற்கள் அவர் உடம்புக்குள்ளும் புகுந்துகொண்டன. தோள் வலித்தால் நியூரால்ஜியா. சாப்பிட்டு ஏப்பம் வந்தால் காஸ்ட்ரைட்டிஸ். மனைவி சாலம்மாள் தலை சுற்றுகிறது என்று சொன்னதற்கு, அவளை வெயிலில் நிறுத்திக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "அனீமியா" என்றார். அது எந்த ஊர்க் கெட்ட வார்த்தையோ என்று அவள் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தாள்.

அவர் பெயர் யூனியன் முழுக்கப் பரவியது 1969இல். மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர், மீசையும் ஆளுமாக ஆறடி உயரம், பத்து நாள் விடுப்புக்குச் சான்று கொண்டுவந்து கொடுத்தார். எந்த டாக்டரோ முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டு யார் கையிலோ கொடுத்துவைத்த சான்றுக் கட்டிலிருந்து எடுத்த தாள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. வியாதி: டிஸ்மெனோரியா. நஞ்சப்பன் நோட்டைத் திறந்தார். டிஸ் என்றால் வேதனை. மென் என்றால் மாதம். ஓ, சாரியை. ரியா என்றால் ஒழுக்கு.

"சார், இது உங்களுக்கு எத்தினி வருசமா இருக்குது?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க, ஒரு மூணு நாலு வருசமா. விட்டு விட்டு வரும்."

"மாசா மாசமா?"

"ஆமாங்க, ஏறக்குறைய" என்றார் ஆசிரியர், தாராளமாக.

நஞ்சப்பன் நோட்டிலிருந்ததை உரக்கப் படித்தார்: மாதவிடாய் வலி. ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. கமிஷனர் அறையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். நஞ்சப்பன் மட்டும் முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல் விடுப்பு மறுப்புக் குறிப்பை எழுதினார். அதற்கப்புறம் அந்த யூனியனில் பொய்ச் சான்று கொண்டுவருகிறவர்கள் குறைந்துபோனார்கள். உண்மையிலேயே வயிற்றுப்போக்கு வந்தவர்கள்கூட நஞ்சப்பனுக்குப் பயந்து எழுந்து வேலைக்குப் போனதாகச் சொல்வார்கள்.

1971 ஜூன் மாதம் ஹமீதுன்னிசா அவர் மேசைக்கு வந்தார்.

எல்லோருக்கும் அவர் நிசா டீச்சர். நஞ்சப்பனின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நஞ்சப்பனின் ஒரே மகள் மாதம்மாள் அந்த மூன்றாம் வகுப்பில்தான் படித்தாள். டீச்சருக்கு முப்பத்திரண்டு வயசு இருக்கும். கணவர் நூர் பாஷா கம்பைநல்லூர் பஸ் நிற்குமிடத்தில் குடையும் பூட்டும் ரிப்பேர் செய்பவர். தாவூது குடியிருந்த அதே தெருவில்தான் அவர்களும் இருந்தார்கள்.

முப்பது நாள் விடுப்பு. சேலத்துத் தோல் டாக்டர் ஒருவரின் சான்று. நஞ்சப்பன் படித்தார். ஹான்சன்ஸ் டிசீஸ். பக்கத்தில் டியூபர்குலாய்டு. அதன்கீழே ஸ்மியர் நெகட்டிவ்.

"இது என்ன வியாதிங்க?"

"நரம்புங்க. கை மரத்துப் போவுது."

"நரம்புன்னா நியூரைட்டிஸ்னு எழுதுவாங்க. இங்க வேற எழுதியிருக்குதே?"

"டாக்டரு எழுதினது எனக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் வலது கையால் தாளை நீட்டியிருந்தார். இடது கை முந்தானைக்குள் இருந்தது. பேசி முடிக்கிறவரை அது வெளியே வரவே இல்லை. நஞ்சப்பன் அதைக் கவனித்தார். தான் கவனித்ததை டீச்சர் கவனித்ததையும் கவனித்தார்.

டீச்சர் போனபின் சொல்லைப் பிரித்துப் பார்த்தார். ஹான்சன் பிரியவில்லை. பகுதியும் இல்லை, விகுதியும் இல்லை. ஏதோ துரையின் பேர் மாதிரி இருந்தது. வியாதிக்கு யாராவது ஆள் பேர் வைப்பார்களா? பொய்ச் சான்றுக்குப் புது வழி கண்டுபிடித்துவிட்டார்களோ என்று தோன்றியது. சான்றிலிருந்ததை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு சாயங்காலம் தாவூதிடம் போனார்.

தாவூது தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்த பார்வை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு தாளை இரண்டாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"தெரியலீங்க."

"உங்களுக்கே தெரியலியா?"

"எல்லாம் தெரிஞ்சவன் யாருங்க? கடையில கூட்டமா இருக்குது, பொறவு பாக்கலாம்."

கடையில் ஒரு கிழவரும் ஒரு குழந்தையும்தான் இருந்தார்கள். ஐந்து வருடத்தில் தாவூது 'தெரியலீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரே தெரு, ஒரே பள்ளிவாசல். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு எதையோ மூடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நஞ்சப்பன் சைக்கிளை மிதித்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அகராதியை எடுத்தார். ஹான்சன் என்ற பேர் அதில் இருந்தது. அர்த்தம் எழுதவில்லை, லெப்ரசி என்ற சொல்லைப் பார்க்கவும் என்று மட்டும் இருந்தது.

லெப்ரசிக்குப் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. அது அவருக்குத் தெரியும். தொழுநோய்.

அடுத்த சொல்லைப் பார்த்தார். டியூபர்குலோ, அவர் நோட்டிலேயே இருந்தது: காசம். ஆக, டி.பி.யும் சேர்ந்திருக்கிறது. நெகட்டிவ் என்றால் பாதகம் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தார். ஆபீஸில் ஒரு மனுவுக்கு நெகட்டிவாக எழுதுவது என்றால் தள்ளிவிடுவது. அப்படியானால் சோதனையும் பாதகமாக வந்திருக்கிறது. இரண்டு கொடிய வியாதிகளோடு ஒருத்தி தன் மகளுக்குக் கையைப் பிடித்து எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலையில் மாதம்மாளைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் உட்காரவைத்தார். விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி, அகராதியில் சொல்லியிருந்தபடி அவள் கையிலும் முதுகிலும் மெதுவாகத் தடவினார்.

"தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"இங்க?"

"ஐயோ, கூசுதுப்பா!" என்று அவள் நெளிந்து சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க அவர் விடாமல் பாதம் வரைக்கும் பார்த்தார். அடுப்படியிலிருந்து வந்த சாலம்மாள் கரண்டியோடு நின்றாள்.

"என்னங்க பண்றீங்க புள்ளைய?"

நஞ்சப்பன் சொல்லிவிட்டார். யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொன்னார். சாலம்மாள் யாரிடமும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளைத் தவிர. அதுவும் கிணற்றடியில், அவளுக்கும் அந்த வகுப்பில் பேத்தி படிக்கிறாளே என்ற அக்கறையில்தான் சொன்னாள்.

விடுப்பு முடிந்து ஜூலைக் கடைசியில் நிசா டீச்சர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய அன்று, முப்பத்து நாலு பிள்ளைகள் இருந்த வகுப்பில் நாலு பேர் வந்திருந்தார்கள். அந்த நாலு பேரும் ஊருக்கு வெளியே குடியிருந்த கல் உடைக்கிறவர்களின் பிள்ளைகள். அவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையை யாரோ உடைத்திருந்தார்கள். பத்து நாள் கழித்து ஊர்க்காரர்கள் எழுதிய மனு ஒன்று யூனியன் ஆபீஸுக்கு வந்தது. மேற்படி ஆசிரியையை உடனே மாற்ற வேண்டும். கீழே கையெழுத்துகள், ரேகைகள். அவற்றில் மூன்றாவது ரேகை சாலம்மாளுடையது.

நஞ்சப்பன் அன்று மாலையே தன் கைப்பட ஒரு குறிப்பு எழுதினார். 'மேற்படி ஆசிரியை தொழுநோய், காசம் ஆகிய இரண்டு தொற்றுநோய்களால் பீடிக்கப்பட்டிருப்பது சான்றிலிருந்தே தெரிகிறது.' அதைக் கமிஷனரிடம் கொண்டுபோவதற்குமுன் கமிஷனரே மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டு, "நேர்ல போயி விசாரிச்சு எழுதுங்க, நஞ்சப்பன்" என்றார். குறிப்பு நஞ்சப்பனின் சட்டைப் பையிலேயே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அந்த நாலு பிள்ளைகளும் கொய்யா மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் மற்ற வகுப்புகளோடு அடுத்த கட்டடத்தில் இருந்தார். நிசா டீச்சர் காலி வகுப்பில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து, மூலையில் இருந்த நாற்காலியைக் காட்டினார். நஞ்சப்பன் நாற்காலியைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"அது ஹெட்மாஸ்டரோட நாற்காலிங்க. நான் அதுல உக்காந்ததில்ல" என்றார் டீச்சர்.

நஞ்சப்பன் அப்போதும் உட்காரவில்லை. "ஊர்ல ஒரு மாதிரிப் பேசிக்கறாங்க" என்று தொடங்கினார்.

"மொதல்ல பேசுனது யாருங்க?"

அவர் நோட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். டீச்சர் இடது கையை முந்தானையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். சுண்டு விரலும் அதற்கடுத்த விரலும் உள்ளே மடங்கியிருந்தன.

"சேலத்து டாக்டர்கிட்ட நான்தாங்க கெஞ்சினேன், யாருக்கும் புரியாத பேரா எழுதிக் குடுங்கன்னு. எங்க ஆபீசுல ஒருத்தர் இருக்காரு, எந்த வார்த்தையா இருந்தாலும் பிரிச்சுப் பாத்துடுவாருன்னேன். இதப் பிரிக்க முடியாதும்மா, ஆள் பேருன்னாரு." டீச்சர் அவர் கையிலிருந்த நோட்டைக் காட்டினார். "நீங்க என்னதான் படிச்சீங்க? சொல்லுங்க, கேக்கறேன்."

நஞ்சப்பன் நோட்டைத் திறந்தார். ஒப்புவிக்கிற பையன் மாதிரி, லெப்ரசியும் டி.பி.யும், சோதனை பாதகம் என்றும் சொன்னார்.

"டி.பி.யா? யாருக்கு?"

"டியூபர்குலாய்டுன்னு எழுதியிருக்குதே."

"ஆய்டுன்னு முடியுதுங்களே, அதப் பாக்கலியா? அந்த மாதிரின்னு அர்த்தமாம். டி.பி. இல்ல. தோலுக்குள்ள இருக்கற கட்டிய மிஷினுல பாத்தா டி.பி. கட்டி மாதிரித் தெரியுமாம், அதனால அந்தப் பேரு. ஸ்மியர் நெகட்டிவ்னா, தோலக் கீறிக் கண்ணாடியில தடவிப் பாத்தாங்க, கிருமி இல்ல. இல்லேங்கறதுதாங்க நெகட்டிவ். யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரு சொன்னாரு. நான் ஒருவாட்டி இல்ல, மூணுவாட்டி கேட்டேன். எனக்கும் வூட்டுல மனுசங்க இருக்காங்க."

நஞ்சப்பன் நம்பவில்லை. பொய் சொல்ல டீச்சருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் தன் நோட்டில் 'ஆய்டு' இல்லை என்பது வழியெல்லாம் அவரை உறுத்திக்கொண்டே வந்தது. ஐட்டிஸ், ஆல்ஜியா, எக்டமி, ரியா, ஓமா, ஓசிஸ் எல்லாம் இருந்தன. பகுதியைக் கண்டதும் பயந்து விகுதியைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். நடந்தான் என்பதில் நட என்பதை மட்டும் படித்துவிட்டு, நடந்தது யார், நடந்தானா நடக்கவில்லையா என்றுகூடப் பார்க்காத மாதிரி.

வீட்டுக்குப் போய் அகராதியின் பின்பக்கப் பட்டியலைத் தேடினார். ஆய்டு: போன்ற, ஒத்த. உவம உருபு! பத்தாம் வகுப்பில் போல, புரைய, ஒப்ப, உறழ என்று தலைகீழாக ஒப்பித்த ஆள். அகராதியை மூடாமல் அப்படியே வைத்துவிட்டுக் கம்பைநல்லூருக்குச் சைக்கிளை எடுத்தார்.

தாவூது கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். நஞ்சப்பன் கேட்டதையெல்லாம் கதவைப் பிடித்தபடியே கேட்டார்.

"அவங்க சொன்னது அத்தனையும் நெசங்க" என்றார். "அந்த வகை ஒட்டாது. மாத்திரை கொஞ்ச வருசம் சாப்பிடணும், அவ்வளவுதான். விரலு நிமிருமான்னு சொல்ல முடியாது."

"அப்ப அன்னிக்கு ஏன் பாய் தெரியலேன்னீங்க?"

"பொய்தான் சொன்னேன். நான் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும், சார். அதுனாலதான் சொல்லல." பூட்டை மாட்டிவிட்டு, "சொல்லாமலே பண்ணிட்டீங்க" என்றார்.

நஞ்சப்பன் வழியில் சைக்கிளை நிறுத்திச் சட்டைப் பையிலிருந்த குறிப்பைக் கிழித்தார். கிழித்த துண்டுகளை யாராவது பொறுக்கி ஒட்டிப் படித்துவிடுவார்களோ என்று பயந்து, பொறுக்கியெடுத்து மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டு வந்து வீட்டு அடுப்பில் போட்டார். புதிதாக எழுதினார்: ஆசிரியையின் நோய் தொற்றாதது, மனுவுக்கு ஆதாரம் இல்லை, வேலையைத் தொடர அனுமதிக்கலாம். கமிஷனர் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். "நீங்களே சரின்னுட்டீங்களா? அப்ப சரிதான்" என்று மேலே ஒரு வரிகூடப் படிக்காமல் ஒப்புதல் போட்டார்.

ஆபீஸில் முடிந்தது ஊரில் முடியவில்லை. மறுநாள் காலை மாதம்மாளைப் புறப்படச் சொன்னதும் சாலம்மாள் வாசலில் குறுக்கே நின்றாள்.

"நீங்கதானேங்க சொன்னீங்க பெருவியாதின்னு?"

"தப்பாப் படிச்சுட்டேன்."

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. அதனாலேயே அவளுக்கு இன்னும் பயம் அதிகமாயிற்று. "யாராச்சும் மெரட்டினாங்களா? மருந்து கிருந்து வெச்சுட்டாங்களா உங்களுக்கு?" என்று அவர் முகத்தையே பார்த்தாள். நஞ்சப்பன் அகராதியைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்தார். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. கடைசியில், "புள்ளையோட நானும் போறேன். நாள் முழுக்க அங்கயே இருக்கறேன். போதுமா?" என்றார்.

தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று நாள் அவர் பள்ளிக்கூடத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மாதம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் கோவிந்தம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள்.

"என்னங்க தம்பி, புள்ளைய உள்ளார உட்டுட்டீங்க?"

"விசாரிச்சுட்டேன். ஒண்ணும் ஒட்டாது."

"நல்லா விசாரிச்சீங்களா?"

"நான் எப்படி விசாரிப்பேன்னு உனக்குத் தெரியாதாக்கா?"

கோவிந்தம்மாள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள். வெந்நீரைக்கூட மூன்று தடவை தொட்டுப் பார்க்கிற மனுசன் பெற்ற பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறான் என்ற செய்தி கிணற்றடிக்குப் போயிற்று. அந்த வாரம் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். ஆயுத பூஜைக்குள் இருபத்தாறு. மீதி எட்டுப் பிள்ளைகள் திரும்பவே இல்லை. மூன்று பேர் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள், ஐந்து பேர் ஆடு மேய்க்கப் போனார்கள். அந்த ஐந்து பேரின் பெயர்களும் நஞ்சப்பனுக்கு வெகுகாலம் மறக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், மற்றப் பிள்ளைகள் போனபின் அவர் வகுப்புக்குள் போனார். டீச்சர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார்.

"தப்பாப் படிச்சுட்டேங்க, டீச்சர்."

டீச்சர் அழித்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"அது பரவால்லீங்க. எல்லாருந்தான் தப்பாப் படிக்கறோம். சரியாவே படிச்சிருந்தீங்கன்னா? லெப்ரசின்னு எழுதினது நெசந்தானே. அத மட்டும் சரியாப் படிச்சிருந்தா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா?"

நஞ்சப்பன் பதில் தேடினார். நேர்மையான பதில் ஒன்றுதான் கிடைத்தது. அதைச் சொல்லாமலே மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அதற்கப்புறம் நாலு வருடம் டீச்சர் அதே பள்ளிக்கூடத்தில் இருந்தார். மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டார். நோய் ஏறவில்லை; மடங்கிய விரல்கள் நிமிரவும் இல்லை. தண்ணீர் குடிக்கத் தன் தம்ளரை வீட்டிலிருந்தே கொண்டுவந்தார். யாரும் கேட்காமலே அப்படிச் செய்தார். மாதம்மாள் ஐந்தாம் வகுப்பு முடித்து அரூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நஞ்சப்பன் ஆபீஸில் பழையபடியே சந்தேகப்பட்டார். சான்றுகளைப் பிரித்தார், பொய்களைப் பிடித்தார். ஒன்று மட்டும் மாறியிருந்தது: பிரித்து முடித்த சொல்லை அவர் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. சாலம்மாள் ஏதாவது விசாரித்தால், "காய்ச்சல்" என்பார். யாருக்கு எது வந்தாலும் காய்ச்சல்தான்.

1975இல் நிசா டீச்சர் பென்னாகரம் பக்கம் மாற்றல் கேட்டார். அங்கே அவர் கணவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். உத்தரவு வந்ததும் பணிப்பதிவேட்டில் கையெழுத்துப் போட ஆபீஸுக்கு வந்தார். நஞ்சப்பன் பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அந்தச் சான்று இதுலதான் இருக்குதுங்களா?"

"உறையில போட்டு ஒட்டி, அரக்கு வெச்சுட்டேன். மேல 'விடுப்புச் சான்று'ன்னு மட்டும் எழுதியிருக்குது. பதிவுல நரம்புக் கோளாறுன்னு போட்டிருக்கறேன்."

"அங்க யாருக்காச்சும் எழுதினீங்களா? தனியா, லெட்டர் மாதிரி?"

"இல்லீங்க."

டீச்சர் அவரையே பார்த்தார். அந்தப் பார்வை நஞ்சப்பனுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. ராஜப்பன் வாத்தியாரை அவர் அப்படித்தான் பார்த்திருந்தார்.

"நான் பாக்கணுங்க" என்றார் டீச்சர்.

"பாருங்க."

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். நியமனம், பிறந்த தேதி, அங்க அடையாளம், வருடா வருடம் சம்பள உயர்வு, விடுப்பு. மடங்கிய விரல்களால் தாளின் ஓரத்தை அழுத்திக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலை ஒவ்வொரு வரியின் கீழும் ஓட்டிப் படித்தார். உறையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். அரக்கை நகத்தால் தொட்டுப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். டீ வந்தது, ஆறியது. நஞ்சப்பன் எழுந்து போகவில்லை; கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசிப் பக்கம் வந்ததும் டீச்சர் மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.

இரண்டாம் தடவையும் படித்து முடித்து, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "வரேங்க" என்றார். பென்னாகரத்துக்கு நாலு மணி பஸ் இருந்தது.